வயலும் வர்த்தமானியும்

சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டித் தெற்கு நோக்கிப் பூநகரிக்குள் வருபவர், உப்பங்காற்றில் நிற்கும் பனைகளையும் அவற்றுக்கிடையே விரிந்து கிடக்கும் வயல்வெளிகளையும் காண்பர். இரணைமடு வாய்க்காலின் நீர் எட்டாத வயல்கள் இவை. ஆவணியிலும் புரட்டாசியிலும் புழுதி கிளம்ப உழுது விதைத்துவிட்டு, மாரிமழை வரும்வரை வானத்தைப் பார்த்திருப்பதே இங்குள்ள கமக்காரரின் வழக்கம். பெரும்பாலான வயல்களில் ஆண்டுக்கு ஒரு போகமே; அது தவறினால் அடுத்த ஆண்டு. இந்த ஊரிற் பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உயர்தர வகுப்பு மாணவருக்குப் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வங்கிகள் கடன் கொடுப்பதைப் பற்றி எழுதப் புகுந்தவன் வயலிலிருந்து தொடங்குகின்றானே என்று வாசகர் ஐயுறலாம். நான் வகுப்பிற் கற்பித்து வந்த ஒரு செய்தி அரைகுறையானது என்பதை அந்த வயல்தான் எனக்குக் காட்டியது. ஆதலால் அங்கிருந்து தொடங்குதலே முறை.

வட்டி என்பது பணத்தின் விலை. விலை ஏறினால் கடன் கேட்போர் குறைவர், இறங்கினால் பெருகுவர். கரும்பலகையில் ஒன்றையொன்று வெட்டும் இரு கோடுகளை வரைந்து, வெட்டுமிடத்தில் ஒரு புள்ளியிட்டு, இதுதான் சந்தை என்று ஆயிரம் பிள்ளைகளுக்காவது சொல்லியிருப்பேன். அந்தப் புள்ளி எனக்கு மனனம். என்னிடம் படித்துப் பின்னர் வங்கி முகாமையாளரான ஒருவருக்கும் மனனம். ஆயின், 2021 ஆம் ஆண்டு தொடக்கம் எங்கள் ஊரில் நான் கண்ட கடனின் கதை வேறு. வட்டி ஏறுவதற்கு முன்னரே கடன் வற்றத் தொடங்கிவிட்டது. வட்டி இறங்கிய பின்னும் அது உடனே ஊறவில்லை. அறுவடை நாளில் எந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கும் என்பதை எவரும் அறியாத நிலையே அதனை வற்றச் செய்தது.

என் அயலவர் ஒருவருக்கு ஆறு ஏக்கர் வயல் உண்டு. நான்கு ஏக்கரிற் புதிய இன நெல் விதைப்பார்; இரண்டு ஏக்கரில், பூநகரிக்குப் பெயர் வாங்கித் தந்த மொட்டைக்கறுப்பன். தைப்பொங்கற் பானையில் அந்தச் சிவப்பரிசி வேகும்போது எழும் மணத்தை அறிந்தவர் வேறு அரிசியை எளிதில் ஏற்கார். அது நிற்க. 2021 சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு அவர் ஒரு கொப்பியுடன் என்னிடம் வந்தார்.

"மாஸ்ரர், ஒரு லான்ட்மாஸ்டர் வாங்கலாமெண்டு நினைக்கிறன். பாங்கிலை கேக்கிறதுக்குக் கணக்கொண்டு போட்டுத் தாங்கோ."

இரு சில்லு உழவு இயந்திரத்துக்கு எங்கள் பக்கத்தில் வழங்கும் பெயர் அது. கூலி உழவுக்குக் காத்திருப்பதனால் ஆண்டுதோறும் விதைப்புப் பிந்துகின்றது என்பது அவருடைய குறை. நான் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதினேன்: இயந்திரத்தின் விலை இவ்வளவு, வட்டி இவ்வளவு, ஏக்கருக்கு இத்தனை மூடை, மூடை இன்ன விலை, அயல் வயல்களை உழுதால் வரும் கூலி இவ்வளவு. மூன்று போகத்தில் கடன் தீரும் என்று கணக்கு வந்தது. அவருடைய முகம் மலர்ந்தது. என் படிப்பு ஒருவருக்கேனும் பயன்பட்டதென்ற பெருமை எனக்கு.

அந்த மை உலருமுன், 2021 மே மாதத் தொடக்கத்தில், இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்யும் வர்த்தமானி வெளிவந்தது. சேதனப் பசளை நல்லதா தீயதா என்பது இங்கு வழக்கன்று. அயலவரின் பாட்டனார் வேறு பசளையைக் கண்டவரல்லர். ஒரு நாடு முழுவதும் ஒரு போக இடைவெளிகூட இல்லாமல் மாறவேண்டும் என்று கட்டளையிட்டதே வழக்கு. கடன் விண்ணப்பம் ஒரு வங்கியின் கிளையில் இருந்தது. (எந்த வங்கி என்பது வேண்டாம்; எதுவாயினும் அன்று அப்படித்தான் செய்திருக்கும்.) அயலவருக்காக விசாரிக்கப் போனேன். முகாமையாளர், நான் மேலே சொன்ன பழைய மாணவர், எழுந்து நின்று நாற்காலி தந்தார். பின்னர் படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"ஏக்கருக்கு எத்தினை மூடை விளையும் எண்டு இதிலை நான் எழுதுறது, சேர்? போன வருசத்துக் கணக்கை எழுதினால் பொய். இந்த வருசத்துக் கணக்கு ஒருத்தருக்கும் தெரியாது."

நான் மொட்டைக்கறுப்பனைப் பற்றிச் சொன்னேன். தலைமுறை தலைமுறையாக இரசாயனப் பசளை காணாமலே விளையும் நெல் அது; தடையினால் அதன் விளைச்சலில் ஒரு மணி குறையப் போவதில்லை. அவர் சிரித்தார். படிவத்தில் அதற்கு இடமில்லை. நெல் என்றால் நெல்தான். நெல்லுக்குக் கொடுப்பதை அப்போதைக்கு நிறுத்தி வைத்திருந்தார்கள். தடை தொடாத வயலையும் தடையைப் பற்றிய ஐயம் தொட்டுவிட்டது.

அந்த ஆண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் எங்கள் ஊரில் விதைப்பு முடிந்து, பயிர் முழங்கால் அளவு நின்றது. கொப்பியின் இரண்டாம் பக்கத்தில் நான் மறுபடியும் கணக்கெழுதினேன். மூன்றாம் பக்கத்தை 2022 மார்ச்சில் எழுத நேர்ந்தது: டொலருக்கு 200 ரூபா அளவில் பிடித்து வைத்திருந்த மாற்றுவீதத்தை அம்மாதம் விட்டுவிட்டார்கள், மே மாதத்தில் அது 360 ரூபாவை அண்மியது. இறக்குமதியாகும் இயந்திரத்தின் விலை அதற்கேற்பத் தாவியது. நான்காம் பக்கம் ஏப்ரலில். 8 ஆம் நாள், மத்திய வங்கியின் துணைநில் கடன்வழங்கல் வசதி வீதம் 7.5 இலிருந்து 14.5 ஆக ஒரே மூச்சில் உயர்ந்தது. நான்கு நாட்கள் கழித்து, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு 70 ஐத் தொட்டு நின்றது. ஏப்ரலில் வட்டியை உயர்த்தியவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. வீடு தீப்பற்றியபின் நீரை அளந்து ஊற்ற இயலாது. என் அயலவரின் கொப்பியில் நான்கு பக்கங்கள் நான்கு விதமாக நின்றன என்பதையே சொல்கின்றேன்.

அமெரிக்கப் பொருளியலறிஞர் பிராங்க் நைட், 1921 இல் எழுதிய நூலொன்றில் இரு சொற்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று இடர், மற்றது நிச்சயமின்மை. இடர் என்பது முன் அனுபவத்தைக் கொண்டு இத்தனையில் ஒன்று என்று எண்ணிச் சொல்லக்கூடியது. நிச்சயமின்மைக்கு அத்தகைய எண்ணிக்கை இல்லை. மாணவருக்கு இதனைச் சொல்லும்போதெல்லாம் சூதாட்டக் காயையே உதாரணங் காட்டி வந்தேன். எங்கள் ஊரிலேயே அதைவிட நல்ல உதாரணம் இருந்திருக்கின்றது. மழை பொய்ப்பது இடர். அது எத்தனை ஆண்டுக்கொரு முறை பொய்க்கும் என்பது கமக்காரருக்குத் தெரியும், வங்கிக்கும் தெரியும், அதற்குக் காப்புறுதியும் உண்டு. வர்த்தமானி எப்போது வரும், வந்தது எப்போது திரும்பிப் போகும் என்பதற்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் குறிப்பில்லை. முதலாவதற்கு வங்கி ஒரு வட்டிவீதம் வைக்கலாம். இரண்டாவதற்கு என்ன வீதம் வைப்பது? கூடிய வட்டிக்குச் சம்மதிப்பவன் திருப்பித் தரமாட்டாதவனாக இருத்தலும் கூடும். ஆகவே வட்டியை மேலும் ஏற்றுவதைவிடக் கொடாது விடுதலே வங்கிக்கு நலம் என்பதை ஸ்டிக்லிட்ஸ், வைஸ் என்னும் இருவர் 1981 இல் விளக்கியுள்ளனர்.

கொடாது விட்ட பணம் எங்கே போனது? வங்கிப் பெட்டகத்திற் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கவில்லை. 2022 இன் பிற்பகுதியில், மூன்று மாதத் திறைசேரி உண்டியலின் வட்டி நூற்றுக்கு 30 ஐக் கடந்து நின்றது. அரசாங்கத்துக்குக் கொடுத்தால் மூன்று மாதத்தில் கணக்குத் தீரும். வயலுக்குக் கொடுத்தால் மூன்று போகம் பார்த்திருக்க வேண்டும். கொள்கையை மாற்றி மாற்றி நிச்சயமின்மையை உண்டாக்கியவரே, அந்த நிச்சயமின்மைக்கு அஞ்சிய பணத்தை அதிக வட்டிக்கு வாங்கிக் கொண்டவர் என்பது இக்கதையிலுள்ள நகைச்சுவை. பூநகரியில் அதற்குச் சிரித்தவர் எவருமில்லை.

அந்தப் புரட்டாசியில் அயலவரும் நானும் மீண்டும் வங்கிக்குப் போனோம். லான்ட்மாஸ்டரை அவர் மறந்துவிட்டார். விதைநெல்லுக்கும் உழவுக் கூலிக்கும் பசளைக்கும் மட்டும் கேட்டார். முகாமையாளர் குரலைத் தாழ்த்தினார்.

"வயலை நம்பித் தாறதுக்கு மேலிடம் கையெழுத்து வைக்காது, சேர். வீட்டிலை காப்பு, சங்கிலி ஏதும் கிடந்தால் கொண்டு வரச் சொல்லுங்கோ. பத்து நிமிசத்திலை காசு தரலாம்."

நகை அடைவு எங்களுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தாலிக்கொடி ஏறாத வங்கிப் படி இல்லை. ஆயினும், கடன் என்பதன் இலக்கணம் அன்று என் கண்முன் மாறியது போலிருந்தது. வயலின்மேற் கொடுக்கும் கடன், வரப்போகும் அறுவடையை நம்புவது. அதற்கு ஆளை அறியவேண்டும், ஊரை அறியவேண்டும், அடுத்த ஆண்டைப் பற்றி ஒரு கருத்து வேண்டும். காப்பின்மேற் கொடுக்கும் கடனுக்கு ஒரு தராசும் உரைகல்லும் போதும். பொன்னின் விலையை எந்த வர்த்தமானியும் கொழும்பிலிருந்து குறைத்துவிட முடியாது. எங்கள் பகுதியில் அந்த நாளில் வங்கி வரிசைகளில் நின்றவருட் பெரும்பாலோர் பெண்கள். கையிற் சிறு கைக்குட்டை முடிச்சு. இடப்பெயர்வுகளின்போது உடுபுடவையில் முடிந்து காப்பாற்றி வந்த பொன் அது. கையில் மிஞ்சியிருந்த அந்தப் பழைய சேமிப்பையே பிணையாகப் பெற்றுக்கொண்டு, வரப்போகும் ஆண்டுக்கு ஒரு சதமும் தரமாட்டோம் என்று ஒரு நாட்டின் வங்கித் தொழில் சொல்லிற்று.

முகாமையாளர்மேற் பழி போடுதல் நீதியன்று. வங்கிப் பணம் வைப்பாளரின் பணம். அவர்களுள் ஓய்வூதியம் பெறும் நானும் ஒருவன். 2023 ஆம் ஆண்டளவில் நாட்டின் வங்கிகள் கொடுத்திருந்த கடனில் ஒவ்வொரு 100 ரூபாவிலும் 12 ரூபாவுக்கு மேல் அறவிடுதற்கரிய நிலையிலிருந்தது. கடன் தவறியவரின் ஈட்டுச் சொத்தை நீதிமன்றம் செல்லாமலே விற்க வங்கிகளுக்கு அதிகாரம் தந்த 1990 ஆம் ஆண்டின் பராட்டே சட்டம் 2024 இல் இடைநிறுத்தப்பட்டது; முதலில் டிசம்பர் நடுப்பகுதிவரை, பின்னர் 2025 மார்ச் இறுதிவரை. நொடித்த சிறு தொழிலாளருக்கு அது மூச்சுவிட உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் புதிதாகக் கடன் கேட்டு வாசலில் நின்றவருக்கு? ஈட்டை எப்போது விற்கலாம், விற்கலாகுமா என்பதே தெரியாத வங்கி அவரிடம் இரட்டை ஈடு கேட்கும். எங்களிடம் ஒற்றை ஈடே அரிது. வன்னிக் காணிகளிற் பல, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் உள்ளவை. உறுதிக் காணிபோல் அவற்றைத் தாராளமாக ஈடு வைத்தல் இயலாது.

என் பங்கை இனிச் சொல்லவேண்டும். காப்பை அடைவு வைத்த பணம் நான்கு ஏக்கருக்குத்தான் போதுமாயிருந்தது. மிகுதி இரண்டுக்கும் வெளியில் வட்டிக்கு வாங்கவா என்று அயலவர் கேட்டார். நான், பொருளியல் கற்பித்தவன், கொப்பியின் ஐந்தாம் பக்கத்தைப் பார்த்து, "பொறும் தம்பி, இந்த வட்டி நிலைக்காது, இறங்கத்தான் வேணும்" என்றேன். சரியாகத்தான் சொன்னேன். வட்டி இறங்கியது: 2023 ஜூன் முதலாம் நாள் இரண்டரை வீதம், அதன்பின் ஜூலையில், ஒக்டோபரில், நவம்பரில் என்று படிப்படியாக. ஆனால் நெல் புரட்டாசியில் விதைக்கவேண்டிய பொருள்; ஜூனில் இறங்கும் வட்டிக்காக அது காத்திராது. அந்த இரண்டு ஏக்கரும் அவ்வாண்டு தரிசு கிடந்தன. அவை மொட்டைக்கறுப்பன் விதைத்து வந்த இரண்டு ஏக்கர். புதிய இனம் விரைவிற் காசாகும் என்று அவர் நான்கையும் அதற்கே விட்டிருந்தார். அடுத்த ஆண்டு மொட்டைக்கறுப்பன் விதைநெல்லை அவர் பிறரிடம் கேட்டு வாங்கவேண்டியதாயிற்று. ஒரு சொல்லும் என்னைக் குறை கூறவில்லை. குறை கூறியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

பொறுத்திருத்தலுக்கும் ஒரு பெறுமதி உண்டென்று 1983 இல் எழுதியவர் பென் பெர்னாங்கி. திருப்பி எடுக்க முடியாத முதலீட்டைச் செய்யுமுன் நிலைமை தெளியட்டும் என்று நிற்பது மடமையன்று, அறிவுடைமையே என்பது அவர் காட்டியது. அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராகவும் இருந்த அவருக்கு, வங்கிகள் பற்றிய ஆராய்ச்சிக்காக நொபெல் பரிசு கிடைத்தது 2022 ஒக்டோபரில். நாங்கள் காப்பை அடைவு வைத்த பருவத்தில். அவருடைய தர்க்கத்திற் குறை காண நான் வல்லவனல்லன். பொறுத்திருக்க இயலுமானவனுக்கே அந்தப் பெறுமதி சேரும் என்பதை மட்டும் ஓரத்திற் குறித்துக்கொள்ளலாம். வங்கி பொறுக்கும், மாரி பொறுக்காது.

வட்டி இறங்கிய பின்னும் ஏன் கடன் உடனே வரவில்லை? 2023 ஜூன் 29 இலிருந்து ஜூலை 3 வரை ஐந்து நாட்கள் நாட்டின் வங்கிகள் மூடப்பட்டிருந்தன. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்ட நாட்கள் அவை. வைப்புகளுக்கு ஆபத்தில்லை என்று சொல்லப்பட்டது, ஆபத்து நேரவுமில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை கதவு திறக்குமோ என்று ஊரில் வினவாதவர் இல்லை. வைப்பாளரே ஐயுறும்போது, வங்கி யாருக்குத் துணிந்து நீண்ட நாட் கடன் கொடுக்கும்? கொடுக்கத் தொடங்கியபோதும், கடந்த இரு போகத்தின் விற்பனைக் கணக்கைக் காட்டு என்றது. தரிசு கிடந்த வயலுக்கு என்ன கணக்கு? முந்திய கடன் மறுப்பே பிந்திய கடன் மறுப்புக்குச் சான்றாயிற்று. நாச்சிக்குடாக் கரையிலும் இதே கதைதான். படகு இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெய், 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. அந்த மாதத்துக்கு முன் போட்ட எந்தக் கடற்றொழிற் கணக்கும் அதன்பின் செல்லுபடியாகவில்லை.

இது முதன்முறையன்று என்பதை என் வயதினர் அறிவர். 1970 ஐ அடுத்த ஆண்டுகளில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, விசுவமடு போன்ற குடியேற்றத் திட்டங்களில் இளைஞர் மிளகாய் நட்டுக் கல்வீடு கட்டினர். அரசாங்கக் கொள்கையே அவர்களுக்குப் பிணை நின்றது. 1977 இல் ஆட்சி மாறியது, சந்தை திறந்தது, பிற நாட்டு மிளகாய் வந்திறங்கியது. இரண்டு கொள்கைகளுக்கும் தத்தம் நியாயங்கள் உண்டு. புலவர் போல் ஒன்றைப் பாடி மற்றதை இகழ நான் வரவில்லை. கிணறு வெட்டிய கடன் மட்டும் ஆட்சியோடு சேர்ந்து மாறவில்லை.

மேனாட்டில் இந்த நிச்சயமின்மையை அளக்கவும் வழி கண்டுள்ளனர். பேக்கர், புளூம், டேவிஸ் என்னும் மூவர் அமெரிக்காவின் பத்துப் பத்திரிகைகளை எடுத்து, பொருளாதாரம், நிச்சயமின்மை, அரசின் கொள்கை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் ஒருங்கே வரும் கட்டுரைகளை மாதந்தோறும் எண்ணிச் சுட்டெண்ணாக்கினர். 2016 இல் அது வெளிவந்தது. அதே ஆண்டில் போர்டோ, டூக்கா, கொக் என்போர், அச்சுட்டெண் உயரும்போது அமெரிக்க வங்கிக் கடனின் வளர்ச்சி தளர்வதைக் காட்டினர். எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் 'வர்த்தமானி' என்ற ஒரு சொல்லையே 2021 இலும் 2022 இலும் எண்ணிப் பார்க்கலாம். எங்கள் மாணவருள் எவரேனும் இதனை ஆய்வுப் பொருளாகக் கொள்வாராயின், வாசிகசாலைகளிற் கட்டி வைத்த பழைய பத்திரிகைகள் எடைக்குப் போகாமல் தப்பும்.

அண்மைய சம்பவம் ஒன்று. மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலைகள் நிறுவ இந்தியாவின் அதானி நிறுவனம் முன்வந்தது. மொத்தம் 484 மெகாவாற், அதில் எங்கள் ஊருக்கு 234. மின்னலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலைக்கு 2024 மே மாதத்தில் அமைச்சரவை இணங்கியது. விலை அதிகம் என்றும் சூழலுக்குக் கேடென்றும் எதிர்ப்பு எழுந்தது, நீதிமன்றிலும் வழக்கிருந்தது. ஆட்சி மாறியபின் 2025 சனவரியில் அவ்விணக்கம் மீளப்பெறப்பட்டது. பெப்ரவரியில் நிறுவனம் விலகிக் கொண்டது. அந்த விலை கூடியதுதானா என்பதைக் கணக்கறிந்தோர் தீர்க்கட்டும். இடைப்பட்ட காலத்தில், லொறி வாங்க எண்ணியவரையும் வேலையாட்கள் தங்க நாலு அறை கட்ட எண்ணியவரையும் நான் அறிவேன். அவர்களுக்கு வங்கி சொன்ன விடை "பார்ப்பம்" என்பது. வங்கி பார்த்துக்கொண்டிருந்தது நல்லதாயிற்று என்று சொல்வாரும் உளர். அதுதான் எனக்கு அச்சந் தருகின்றது. பாராமல் கொடுத்தவனைவிடப் பார்த்துக்கொண்டே இருந்தவன் ஒவ்வொரு முறையும் சரியாகிப் போகின்றான்.

2025 மே மாதத்தில் மத்திய வங்கியின் கொள்கை வீதம் 7.75 ஆகியிருந்தது. ஆவணி பிறந்ததும் அயலவர் வந்தார், அதே கொப்பியுடன். காப்புச் சோடியில் ஒன்று மீண்டுவிட்டது. மற்றதை, பொன்விலை ஏறியதனால், கூடிய தொகைக்கு மறு அடைவு வைத்திருந்தார். மொட்டைக்கறுப்பன் இரண்டு ஏக்கரிலும் மறுபடி நிற்கும் என்றார். பின்னர் சற்றுத் தயங்கி, லான்ட்மாஸ்டர் கணக்கை இன்னொருமுறை போட்டுப் பார்ப்போமா என்றார். முகாமையாளர் இடமாறிப் போய்விட்டார். புதியவர் எங்கள் ஊரை அறியாதவர். ஆயினும் படிவம் வாங்கிவைத்திருப்பதாகச் சொன்னார். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, ஆறாம் பக்கத்தைப் புரட்டி, பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

"பென்சிலாலை எழுதுங்கோ, மாஸ்ரர்" என்றார் அவர்.